ஓடும்போது எடுத்து வராத கடதாசிகள்

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு றோலரை மீனவர்கள் கண்டார்கள். மறுநாள் கடற்படை அதைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. உள்ளே மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள், பெண்களும் சிறுபிள்ளைகளுமாக. ஊர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சாப்பாடும் உடுப்பும் போய்ச் சேர்ந்தன. முதலில் ஜமாலியா பாடசாலையில் தங்கவைத்தார்கள். பிறகு மிரிஹானையிலுள்ள குடிவரவுத் தடுப்பு முகாமுக்கு என்றார்கள், கடைசியில் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். படகை ஓட்டியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களைத் தனியே பிரித்து விளக்கமறியலில் வைத்தார்கள்.

அந்தக் கிழமை நீதிமன்ற வளவில் என்னை மறித்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "அகதி எண்டு தெரியுதுதானே சேர், பிறகேன் கோட்டுக்குக் கொண்டு போறாங்கள்?"

இலங்கையில் அகதிகளுக்கென்று ஒரு சட்டம் கிடையாது என்பதுதான் காரணம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் நாம் சேரவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. (நம் சனம் ஆயிரக்கணக்கில் போய்த் தங்கிய இந்தியாவும் அப்படித்தான்.) உயிராபத்திலிருந்து நேரே தப்பி வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை அறிவித்தவரை, களவாக உள்ளே வந்தார் என்பதற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது அந்தச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. அது நம்மைக் கட்டுப்படுத்தாததால், கரையேறியவர் மீது பாய்வது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அவர் வீசா இல்லாமல் வந்த ஓர் ஆள், அவ்வளவுதான். சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் மட்டும் 1994இல் சேர்ந்திருக்கிறோம். சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாதே என்பது அதன் 3ஆம் உறுப்புரை. இப்படிப்பட்டவர்களுக்காக வாதாடுகிறவர் பற்றிப் பிடிக்கக்கூடிய கொழுகொம்பு இப்போதைக்கு அதுதான்.

படகு ஓட்டியவர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படகுகள் மலேசியாவையோ இந்தோனேசியாவையோ நினைத்துப் புறப்படுபவை. எஞ்சின் நின்றால் வாடைக்காற்று அவற்றை நம் கரைக்குத் தள்ளிவிடும். 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக் கடலில் நூறுக்கு மேற்பட்டவர்களோடு மீட்கப்பட்ட படகும் அதே மாதத்தில், அதே காற்றில் வந்ததுதான். மார்கழிக் கடலில் நம் பலநாள் வள்ளங்களே யோசித்துத்தான் வெளிக்கிடும். அந்தக் கடலில் சுக்கானைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் கடத்தல்காரர் அல்ல. காசு குறைவாகக் கட்டியதால் ஓட்டச் சம்மதித்த இன்னொரு பயணியாக இருப்பார். காசு வாங்கியவர் தரையை விட்டு அசைவதில்லை. பிடிபட்டவர்களில் யார் யார் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கப் பொறுமையான விசாரணை வேண்டும், மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இரண்டுமே நம்மிடம் தட்டுப்பாடு.

மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களை வெளியே நிறுத்திவிட்டது. அவர்களுக்கு "உன் பிறப்புப் பதிவின் பிரதியைக் கொண்டுவா" என்று சொல்லக் கந்தோரே இல்லை. நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நம்மவர்களுக்குப் பதிவு இருந்தது. ஓடிய ஓட்டத்தில் கடதாசி போய்விட்டது. என் மேசைக்கு வரும் அகதி விவகாரங்களில் பெரும்பாதி இந்தக் கடதாசியைச் சுற்றித்தான். குண்டிலிருந்தும் கடலிலிருந்தும் தப்பிய குடும்பத்தை முப்பது வருடம் கழித்தும் அலைக்கழிப்பது அதுதான். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத அற்பக் கஷ்டம் போலத் தெரியும். அனுபவிக்கிறவருக்குத்தான் தெரியும்.

திருகோணமலை மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஓடிய கதை உண்டு. தென்னமரவடிக்காரர் 1984இல் முல்லைத்தீவுப் பக்கம் ஓடினார்கள். 1990 ஜூனுக்குப் பிறகு மன்னார் வழியாக இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இறங்கிய குடும்பங்கள் ஏராளம். 2006இல் சம்பூர்ச் சனம் ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று சுற்றிக் கடைசியில் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தது. அதே வருடம் ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் நடந்தே கந்தளாய்க்குப் போனார்கள். 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. அப்படி வந்த ஒருவருக்கு, அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்பதைக் காட்ட இன்று கையிலிருக்கும் ஒரே சாட்சி ஆஸ்பத்திரி டிக்கட்டாக இருக்கலாம். அதை லேமினேட் செய்து வைக்க வேண்டாம், பின்பக்கத்தில் எழுதியிருப்பது மங்கிப்போனால் கஷ்டம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.

இந்தியாவில் பிறந்து திரும்பிய பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. ஒரு பெண் வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தாய் தகப்பன் மூதூர்ப் பக்கம், 1990இல் போனவர்கள். பிள்ளை பிறந்தது தமிழ்நாட்டு முகாமில். குடும்பத்தோடு ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் விமானத்தில் திரும்பி வந்தவர். பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினார்: முகாம் குடும்ப அட்டை, அதன் மடிப்பில் தகப்பன் பெயரின் நடு எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன, தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், அதில் தகப்பன் பெயர் முன்னெழுத்தோடு மட்டும், பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், அதில் அந்த முன்னெழுத்தே வேறு. தாய் தகப்பனுக்கு முகாம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு இல்லை. தகப்பனின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவருடைய தகப்பன் பெயர் முழுதாக இருக்கிறது, ஆனால் அது வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர். கந்தோரில் உத்தியோகத்தர் இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாலு வேற ஆக்கள்" என்றாராம். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் முன்னால் இருந்த கடதாசிகள் அப்படித்தான் சொல்லின.

இந்தப் பெண்ணுக்குச் சட்டம் எதிரி அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ உரிய அமைச்சிலோ பதிந்தால் அது வம்சாவழிப் பிரஜை. வருடம் தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். முகாமில் இருந்தோம், வெளியே போக அனுமதி வேண்டும், சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போய்வரக் காசில்லை என்பதெல்லாம் தகுந்த காரணங்களே. 2003 திருத்தத்தின் பிறகு தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரும். தகப்பனின் கடதாசி கிடைக்காமல் முட்டி நிற்கிற குடும்பங்கள் தாயின் பிறப்புப் பதிவைத் தேடிப் பார்ப்பதே இல்லை. அதைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

பெயர் வித்தியாசத்துக்கு வழி சத்தியக்கடதாசி. ஆனால் ஒரு வரியில் "இவரும் அவரும் ஒருவரே" என்று எழுதி முத்திரை ஒட்டினால் எடுபடாது. எந்தக் கடதாசியில் எந்த எழுத்து எப்படி வந்தது, யார் எழுதினார்கள், ஏன் என்று ஒவ்வொன்றாக விளக்கி, ஊரில் குடும்பத்தை அறிந்த வயதானவர் ஒருவரின் சத்தியக்கடதாசியையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் கூடவே வைக்க வேண்டும். முகாமில் ஏற்கெனவே பிள்ளை பிறந்திருந்தாலும் திருமணத்தை இப்போது பதியலாம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறார்கள்.

காணி இன்னொரு தலையிடி. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் பலருக்கு இருப்பது அரச காணிக்கான பெர்மிட். அப்பப்பாவின் பெயரில் பெர்மிட், பின்னுரித்தாளர் பெயர் பதியவே இல்லை, அப்பப்பா முகாமில் செத்துப்போனார் என்றால், பிரதேச செயலகத்தில் அந்தக் கோப்பைத் திறப்பதற்கே அவருடைய மரணப் பதிவு தேவை. மரணம் நடந்தது வேறு நாட்டில். யுத்தத்தால் காணி வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஆட்சியுரிமை தொடர்பான 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த பலருக்கு அப்படியொன்று வந்ததே தெரியாது. சம்பூர் மக்களுக்கு 2015, 2016இல் காணி திரும்பக் கிடைத்தபோது எல்லை காட்ட ஒரு வேலிக் கதியால்கூட நிற்கவில்லை. கிணறும் மரமும் சொன்ன சாட்சியத்தில்தான் பலருடைய வளவு அளக்கப்பட்டது.

இனிப் போக நினைக்கிறவர்களுக்கு. 2022 மார்ச் 22ஆம் திகதி பொருளாதார நெருக்கடியில் முதல் பதினாறு பேர் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். அவர்களில் ஒரு தொகுதியைப் படகுக்காரர் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார், இந்தியக் கடலோரக் காவல்படைதான் எடுத்தது. பிறகு இங்கிருந்தும் போனார்கள். அதே வருடம் நவம்பரில் கனடாக் கனவோடு போன 303 பேரின் கப்பல் வியட்நாமுக்கு அப்பால் மூழ்கப் பார்த்து, ஜப்பானியக் கப்பலொன்று அவர்களைக் காப்பாற்றிக் கரைசேர்த்தது. அவுஸ்திரேலியா 2013 முதல் கடல்வழியாக வருகிறவர்களைக் குடியேற்றுவதில்லை, படகுகளைத் திருப்பி அனுப்புகிறது. 2022 மே மாதம் அங்கே ஆட்சி மாறியபோது "புது அரசாங்கம் எடுக்குதாம்" என்று கிழக்குக் கரை முழுக்க வட்ஸ்அப்பில் ஓடியது. கொள்கை மாறவில்லை. ஆறு ஏழு பேர் தொழிலுக்குப் போகிற வள்ளத்தில் அறுபது பேரை ஏற்றுகிறவர் உங்கள் பாதுகாப்பைப் பற்றிச் சொல்வதை எந்தக் கணக்கில் எடுப்பது?

பிடிபட்டால், சட்டவிரோதமாக வெளியேறியதற்கு உச்சபட்சம் ஐந்து வருடச் சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கலாம். சாதாரணப் பயணிகளுக்குப் பெரும்பாலும் தண்டத்தோடு முடியும். ஆனால் மச்சானிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் காசு சேர்த்துக் கொடுத்தவர், வள்ளத்தை வாடகைக்கு விட்டவர், வீட்டில் ஆட்களைத் தங்கவைத்தவர் ஆட்கடத்தலுக்கு உடந்தை என்ற இன்னொரு பிரிவுக்குள் விழுவார்கள். அதில் பிணை இலேசில் கிடைக்காது. "நான் ஒரு உதவிதானே செய்தன்" என்று அழுகிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிய ஏஜென்சிக்காரரின் சரியான பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்துப் போன குடும்பத்துக்குத் திரும்பி வந்த பிறகு வட்டிக்காரர்தான் முதல் விருந்தாளி.

உண்மையில் ஆபத்து இருந்து போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த எச்சரிக்கையால் பயனில்லை, அவர்களுக்குத் தேவை வேறு. வெளிநாட்டில் தஞ்சம் கேட்ட மகனுக்காகத் தாய்மார் என்னிடம் கடிதம் கேட்டு வருவார்கள். கூடவே வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய மாதிரி ஒன்றும் வட்ஸ்அப்பில் வந்திருக்கும்: பெயரை மட்டும் மாற்றினால் போதும். சிலவேளை நீதிமன்ற அழைப்பாணை ஒன்றையே தயாரித்துக்கொண்டு வருவார்கள், வழக்கிலக்கத்தின் முன்னெழுத்து நம் நீதிமன்றத்தில் பாவிக்காததாக இருக்கும். அந்த நாடுகள் சும்மா நம்புவதில்லை. இங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்துப் பதிவாளரிடம் வழக்கேட்டைப் பார்க்கச் சொல்வார்கள். அப்படி ஒரு போலிக் கடதாசி பிடிபட்டால் மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து போகும். உடம்பில் தழும்போடு போனவனுடைய வாக்குமூலத்தை அந்த ஒற்றைத் தாள் கெடுத்துவிடும்.

உண்மையான கடதாசி சிறிதாக இருந்தாலும் போதும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைக் காரியாலயத்தில் தந்த முறைப்பாட்டு இலக்கம், தடுப்பில் இருந்தபோது செஞ்சிலுவைச் சங்கம் தந்த அட்டை, கிளினிக் கொப்பி. நேர்காணலில் திகதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே சொல்லச் சொல்லுங்கள். அடி வாங்கியவருக்கு நாள் கிழமை குழம்புவது இயல்பு என்று அங்குள்ள மருத்துவர்களே எழுதிக் கொடுப்பார்கள். ஊகித்துச் சொன்ன திகதியைப் பின்னால் மாற்றினால்தான் பொய்யர் ஆகிறோம். பெண்கள், தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லப் பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். கணவன் பக்கத்தில் இருக்கும்போது முழுதும் சொல்லியாக வேண்டும் என்றில்லை.

திரும்பி வருகிறவர்களுக்கும் இப்போது பயம் பிடித்திருக்கிறது. 2025 மே மாதக் கடைசியில், ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் இந்தியாவிலிருந்து வந்த முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைதுசெய்தார்கள். எப்போதோ கடவுச்சீட்டில்லாமல் நாட்டைவிட்டுப் போனதுதான் காரணம். கண்டனம் கிளம்பியது. ஆனாலும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அகதியாய் ஓடியவரையும் களவாய்ப் போனவரையும் ஒரே தராசில் நிறுக்கிறவரைக்கும் இது இன்னொருவருக்கும் நடக்கலாம். ஆகவே வருவதற்கு முன்பே முகாம் பதிவின் பிரதி, இந்தியா தந்த வெளியேறும் அனுமதி, உயர்ஸ்தானிகராலயத்தின் கடிதம் மூன்றையும் ஊரிலுள்ள ஒரு உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். பிணைக்கு வரக்கூடிய ஒருவர் அடையாள அட்டையோடு தயாராக இருக்கட்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கும் ஒரு வேலை உண்டு. முகாமில் இருக்கும் உங்கள் மாமா, சித்தி குடும்பத்தின் பிறப்புப் பதிவுகளை இப்போதே பிரதேச செயலகத்தில் தேடி எடுத்து வையுங்கள். அவர்களை நேரில் அறிந்த பழைய விதானைமார், பாடசாலை அதிபர்கள், கோயில் தர்மகர்த்தாக்கள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்குவதை அடுத்த தீபாவளிக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.