வான் பாய்ந்த குளம் ஏன் வற்றுகிறது?

மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மார்கழியில் மகாவலி கலங்கலாக வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கந்தளாய்க் குளமும் நிறைந்து வான் பாய்கிறது. அப்புறம் சிறுபோகத்துக்கு, கோடை நெல்லுக்குத் தண்ணீர் இல்லை என்கிறார்கள். சராசரி மழை போதுமென்றால் தண்ணீரும் போதும்தானே?"

போதாது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

குளத்தின் நீர்க்கணக்கைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது வீட்டு வரவுசெலவு மாதிரித்தான். போன மாத இருப்போடு வரவைக் கூட்டி, துருசால், அதாவது வயலுக்கு நீர் விடும் கதவால் திறந்ததையும் ஆவியாய்ப் போனதையும் கழிக்க வேண்டும். கொள்ளளவுக்கு மேலே மிஞ்சினால் வான் பாயும். ஆவியைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் போனாலே, ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பிலிருந்து 50 இலட்சம் லீற்றர் காணாமல் போய்விடும். பழைய மழைப் பதிவுகளை இந்தக் கணக்கில் மாதம் மாதமாக ஊட்டி, முப்பது நாற்பது வருடங்களை ஓட்டிப் பார்ப்பார்கள்.

சரி, நம் குளம் 100 பங்கு கொள்ளும், இப்போது நிறைந்திருக்கிறது என்று வைப்போம். ஆவியை விட்டுவிடுவோம். வருடத் தேவை 80. எட்டு வருடத்தில் நான்கு நல்ல வருடம், வரவு 120. நான்கு வறண்ட வருடம், வரவு 50. சராசரி 85, தேவையை விட அதிகம். நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்தால் குளம் 70க்குக் கீழே இறங்காது. அதே எட்டு வருடங்களை வரிசை மாற்றி, நல்லது நான்கும் முதலில், வறட்சி நான்கும் பின்னால் வரட்டும். முதல் நான்கு வருடமும் 40 பங்கு கடலுக்குப் போகும். பிறகு 70, 40, 10. நான்காம் வருடம் 20 பங்கு துண்டு விழும். மழை ஒரு சொட்டும் குறையவில்லை, வரிசைதான் மாறியது!

இது வெறும் கற்பனை வரிசை இல்லை. நைல் நதிக்கு நீர்த்தேக்கக் கணக்குப் போட்ட ஹரோல்ட் ஹர்ஸ்ட், வறண்ட வருடங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கூட்டமாக வருவதை 1951இல் எழுதிக் காட்டினார்.

குளக்கட்டை உயர்த்தி இன்னும் தண்ணீர் தேக்கினால் என்ன என்று கேட்கலாம். 1986 ஏப்ரல் 20 விடியற்காலை கந்தளாய்க் கட்டு உடைந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் அதை இலேசாகச் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி. முதல் வறண்ட வருடத்திலிருந்தே 80க்குப் பதிலாக 75 மட்டும் திறந்தால் இருப்பு 75, 50, 25, 0 என்று இறங்கும். நான்கு வருடத்திலும் வயலுக்குப் போன மொத்தம் இரண்டு முறையிலும் 300தான். ஆனால் இரண்டாவதில் எந்த வருடமும் கதிர் வரும் நேரத்தில் துருசு மூட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை, தினமும் ஒருவர் போய்ப் பார்த்து எழுதிய எண். யுத்த காலத்தில் நம் பக்கத்தில் பல பதிவுகள் அறுந்துபோயின. போன ஆவணியில் ஒரு சிறுகுளத்தின் துருசடியில் நீர்மட்டப் பலகையைப் பார்த்தேன். கீழ் நான்கு அடி எண்களும் பாசிக்குள் இருந்தன. கொங்கிறீட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளியாவது அந்தப் பலகையைத் தேய்த்து வாசிப்பவருக்குப் போக வேண்டும்.

மூதூர் நண்பரே, அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் குளத்தில் எத்தனை அடி இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். வரும் மாரியும் பொய்த்தால் எத்தனை அடி மிஞ்சும் என்றும் கேளுங்கள்.