புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது?

2013இல் வந்த இன்டெல் ஐ5-4570 பிராசஸர் இருக்கும் ஒரு டெஸ்க்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டைச் செருகுகிறீர்கள். பிரவுசர் ஓடுகிறது, வீடியோ ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் கேம் திறந்த கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து மொத்த மெஷினும் அணைந்துவிடுகிறது. பலரும் உடனே சந்தேகப்படுவது புதுக் கார்டை, அப்புறம் டிரைவரை. நான் முதலில் பார்க்கச் சொல்வது பழைய எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது வீட்டு கரண்டை மாற்றி கம்ப்யூட்டரின் பாகங்களுக்குத் தரும் பவர் சப்ளை பெட்டியை.

மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். இந்தக் கார்டுக்கு 125 வாட் வேண்டும், அதனால் மீதி 8-பின் கேபிள் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறது. எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 450 வாட் என்று போட்டிருக்கிறதே என்றால், அது 3.3, 5, 12 வோல்ட் எல்லாம் சேர்ந்த கணக்கு. பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டையே தின்னும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால் அங்கே கிடைப்பது 216 வாட். பிராசஸருக்கு 84, கார்டுக்கு 125, கூட்டினால் 209 ஆகிவிட்டது, இன்னும் ஃபேனும் ஹார்ட் டிஸ்க் மோட்டாரும் இருக்கின்றன.

அதுவும் சராசரிதான். கார்டு ஒருசில மில்லி செகண்டுகளுக்குத் திடீரென்று இதைவிட நிறைய இழுக்கும், அந்த நேரத்துக்கு ஈடுகொடுப்பவை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கபாசிட்டர்கள், தண்ணீர் விட்டுவிட்டு வரும்போது கைகொடுக்கும் வீட்டுத் தொட்டி மாதிரி. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து உள்ளிருக்கும் திரவம் வற்றிப்போனால் அவற்றால் அந்த வேகத்தில் கரண்ட் தர முடியாது, வோல்டேஜ் சரியும். இந்த மாதிரி பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப் பவர் சப்ளைக்கான தரநிலை) விதிப்படி 12 வோல்ட் 11.4க்குக் கீழே போகக் கூடாது. ரொம்பவே சரிந்தால் 'பவர் சரியாக இருக்கிறது' என்று மதர்போர்டுக்குப் போகும் சிக்னல் நின்று மெஷின் ரீசெட் ஆகும். இழுப்பு அளவு மீறினாலோ எஸ்எம்பிஎஸ் தானே பூட்டிக்கொள்ளும், பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் பெரும்பாலும் திரும்ப உயிர் வரும்.

மெஷின் விழும் விதத்தையும் கவனியுங்கள். பவர் போனால் விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரம் இருக்காது, விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கும், உள்ளே பக்செக் கோடு (பிழை எண்) 0. மாறாக ஒவ்வொரு முறையும் வேறுவேறு கோடுடன் புளூ ஸ்கிரீன் வந்தால், கூடவே ரேமும் சேர்த்திருந்தால், ரேமைச் சந்தேகப்படுங்கள். பழையதும் புதியதும் கலந்து நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். ஒவ்வொன்றாகப் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் அது சரியில்லை என்றுதான் அர்த்தம். தனித்தனியாகத் தேறி, சேர்த்தால் மட்டும் பிழை வந்தால் பயாஸில் ரேம் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பவரா என்று உறுதி செய்ய, கார்டைக் கழற்றிவிட்டு பிராசஸரின் சொந்த கிராபிக்ஸில் ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் கார்டைத் திரும்பப் போட்டு, கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டைக் குறையுங்கள், அப்போதும் விழவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது, நல்ல நிலையில் இருக்கும் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழையதைத் திறந்து கபாசிட்டர் மாற்ற மட்டும் இறங்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.