பஃபர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மாங்கூழ் சீசன் தொடங்கினால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து ஆலை லேப்களில் இதே கதைதான். கூழின் புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரை கேலிப்ரேட் செய்யும் 4.01 பஃபர் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்) பாதியானதும் தண்ணீர் விட்டு நிரப்பிவிடுகிறார்கள். ஏன் என்றால், "பஃபர்தானே சார், தண்ணி கலந்தா மாறாது, காலேஜ்லயே படிச்சோம்!"

படித்தது பாதிதான். அமிலமும் அதன் உப்பும் சேர்ந்தே நீர்ப்பதால் இரண்டின் விகிதம் மாறாது, சரி. ஆனால் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் பிடி, நீர்க்க நீர்க்கத் தளரும். மீட்டரின் உணர்முனையான எலக்ட்ரோடு அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. சம அளவு சுத்தமான நீர் கலந்தால் 4.01 பஃபர் 4.06 ஆகும்; கேலிப்ரேஷனுக்கான இன்னொரு பாட்டில், 6.86 பாஸ்பேட் பஃபர், 6.94 ஆகும். பத்து மடங்கு செறிவான பி.பி.எஸ். (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்) 6.8 அருகில் இருந்து, நீர்த்ததும் 7.4-க்கு ஏறுவது இதனால்தான். பி.எச்.சைத் தாங்கும் திறனும் பாதியாகிவிடும்.

0.05 தானே என்கிறீர்களா? எந்தப் பக்கம் தவறுகிறது என்று பாருங்கள். 4.06-ஐ 4.01 என்று கற்றுக்கொண்ட மீட்டர், எல்லாவற்றையும் குறைத்தே காட்டும். இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் என்றால் ஸ்லோப் (எலக்ட்ரோடு எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்று மீட்டர் காட்டும் சதவீதம்) 101 என்று அழகாக வரும், மீட்டர் முணுமுணுக்காது. நன்கு கனிந்த பழத்தின் கூழ் உண்மையில் 4.6-ஐத் தொட்டிருக்கும், திரையில் 4.55 நிற்கும். டின்னுக்குள் கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியைத் தடுக்கும் எல்லையே 4.6; அதற்கு மேல் அது வளரலாம்.

போர்வெல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரைச் சரிபாதி கலந்தால் 4.01 பஃபர் 4.4 வரை போகும். அந்த ஒரு பாட்டில் மட்டும் கெட்டிருந்தால் ஸ்லோப் 86-க்கு விழும்; பழியைச் சுமந்து நல்ல எலக்ட்ரோடு குப்பைக்குப் போகும்.

பஃபர் தயாரிக்கும் பொடி கேப்ஸ்யூலின் உறையில் 100 மில்லி என்றால் 100 மில்லிதான், அதுவும் அளவுக்கோடு போட்ட வாலியூமெட்ரிக் பிளாஸ்கில், டிஸ்டில்டு வாட்டரில். 200 மில்லியில் கரைத்துச் சிக்கனம் பிடிக்காதீர்கள். தேவையானதைச் சின்ன பீக்கரில் ஊற்றி, வேலை முடிந்ததும் கொட்டுங்கள். பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றவே கூடாது. கழுவிய எலக்ட்ரோடைத் தேய்க்காமல் டிஷ்யூவில் ஒற்றிவிட்டு வையுங்கள், அந்தச் சொட்டும் தண்ணீர்தான்.

ஏற்கெனவே நிரப்பி வைத்த பாட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றே கொட்டிவிடுங்கள். புதுப் பஃபரில் கேலிப்ரேட் செய்து, அந்தப் பாட்டிலை நம்பி அளந்த பேட்ச்களின் சாம்பிள்களை மறுபடி அளந்து பாருங்கள். அதுவரை அந்த டின்கள் குடோனை விட்டு நகர வேண்டாம்.