அளவு விலக்கு: எதை விலக்குகிறது?

"சிறிய அளவு புரத மாதிரிக்கு ஏற்ற அளவு விலக்கு நெடுவரிசை." இப்படி ஒரு தலைப்பு. புரதங்களைப் பெரியது, சிறியது என்று பிரித்தெடுக்கும் size exclusion column என்ற ஆய்வகக் குழலுக்கு வைத்த தமிழ்ப்பெயர் இது. இதில் முதல் அளவு வேறு, இரண்டாம் அளவு வேறு. முன்னது எவ்வளவு மாதிரி இருக்கிறது என்பது. பின்னது மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பது. column என்பதற்குப் போட்ட நெடுவரிசையோ அட்டவணையிலிருந்து தப்பி வந்தது; இங்கே அது துளையுள்ள நுண்மணிகள் நிரப்பிய குழல்.

இந்தப் பிரிப்பு முறையின் பொதுப்பெயரான குரோமட்டோகிராபி என்றால் கிரேக்கத்தில் நிற எழுத்து. இலை நிறமிகளைப் பிரித்த ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் சுவெட் 1906-இல் அச்சில் வைத்த பெயர். தமிழில் வண்ணப்பிரிகை. பெரும்பாலான புரதங்களுக்கு நிறமே கிடையாது, 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில்தான் தடம் தெரியும். சரி, நிலைத்துவிட்ட பெயர், இருக்கட்டும்.

'அளவு விலக்கு' அப்படி விடக்கூடியதல்ல. வரிவிலக்கு, மதுவிலக்கு தெரிந்த காதுக்கு இது அளவே பார்க்க வேண்டாம் என்று சலுகை கொடுப்பதுபோல் கேட்கிறது. ஆய்வகத்தில் நேர்மாறு. 24 மில்லிலிட்டர் குழலில் அரை மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றினால் பிரிவு மங்கிவிடும். கையில் இருப்பதே 50 மைக்ரோலிட்டர் என்றால் அதே குழலில் புரதம் நீர்த்துப் போகும், 2.4 மில்லிலிட்டர் குழல்தான் சரி.

இதே முறைக்கு அடுத்த பெயர் 'களி வடிகட்டல்' (gel filtration). 1959-இல் சுவீடனின் உப்சாலாவில் ஆய்வாளர்கள் பொராத்தும் ஃபிளோடினும் வைத்த பெயரின் நேர்ப்பெயர்ப்பு. மூலமே கோணல், தமிழ் அதை இன்னும் வளைத்தது. டீ வடிகட்டியில் பெரியது தங்கும், சிறியது இறங்கும். இங்கே பெரிய புரதம் நுண்மணியின் துளைக்குள் நுழைய முடியாமல் விலக்கப்பட்டு, வெளியோடு ஓடி முதலில் வருகிறது. சிறியது துளைதோறும் நுழைந்து சுற்றிப் பின்தங்குகிறது. வடிகட்டல் என்று படித்த மாணவர் வரைபடத்தின் முதல் முகட்டைச் சின்னப் புரதம் என்று நினைத்தால் அவரையா திட்டுவது?

'எடைவழிப் பிரிகை' என்பாரும் உண்டு. அதுவும் சரிவராது. ஒரே எடையுள்ள இரண்டில், நீண்டு மெலிந்த புரதம் உருண்டையானதைவிட முந்தி வரும். கரைசலில் அது அடைக்கும் இடம்தான் கணக்கு. அதற்குத் தமிழில் பருமன் என்று நல்ல சொல் இருக்கிறது. ஆகவே பருமன்வழிப் பிரிகை. கடையில் கிடைக்கும் நுண்மணி வகைகளில் சூப்பர்டெக்ஸ் 75 ஏறத்தாழ 3,000 முதல் 70,000 டால்டன் வரை, 1,50,000 டால்டன் எதிர்ப்பொருளுக்கு சூப்பர்டெக்ஸ் 200 என்று டால்டன் என்னும் எடை அலகில் சொன்னாலும், துளை பார்த்துத் தேர்வது பருமன் கணக்கு. குழலின் கொள்ளளவைத் தேர்வதுதான் அளவுக் கணக்கு.

குழல் வேண்டாம், ஆய்வகப் பேச்சுப்படி column-ஐக் 'காலம்' என்றே எழுதலாம் என்பவர்கள், "காலம் அடைத்துக்கொண்டது" என்பதை ஒருமுறை அச்சில் படித்துப் பார்க்கட்டும்.