ஆங்கர்: விரிதாளில் படத்தைப் பிணைக்கும் சொல்

விரிதாளில் செருகிய படம் திரையில் ஒழுங்காக நின்றிருக்கும். அதையே பிடிஎஃப் ஆக மாற்றியதும் நீண்டோ, அடுத்த பொருளின் வரிசைக்கு இறங்கியோ, இரண்டு பக்கங்களில் பாதி பாதியாக வெட்டுண்டோ வந்து நிற்கும். படங்களோடு கூடிய விலைப்பட்டியலோ மாணவர் பதிவேடோ தயாரித்த எவரும் இதை அறிவர். இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர் 'ஆங்கர்' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அச்சொல்லின் பொருள் தெளிவானால் திருத்தும் வழியும் தெளிவாகிவிடும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

எக்செல், லிப்ரேஆபீஸ் கால்க் ஆகிய விரிதாள் மென்பொருள்களில் நாம் வழக்கமாகச் செருகும் படம் கலத்துக்குள் (செல்) இருப்பதில்லை. கலங்களுக்கு மேலே தனியொரு படலத்தில் மிதக்கிறது. அந்தப் படம் எந்தக் கலத்தைச் சார்ந்து நிற்க வேண்டும், அந்தக் கலம் நகர்ந்தாலோ விரிந்தாலோ அது என்ன செய்ய வேண்டும் என்று கோப்பில் எழுதிவைக்கும் குறிப்புக்கே ஆங்கர் என்று பெயர்.

கப்பலிலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலம் இதனை இலத்தீனின் 'ஆங்கோரா' என்பதிலிருந்தும், இலத்தீன் அதனைக் கிரேக்கத்தின் 'ஆங்குரா' என்பதிலிருந்தும் பெற்றன. இதன் அடிவேருக்கு வளைதல் என்று பொருள். கடலடி மண்ணைப் பற்றிக்கொள்ளும் அந்த வளைந்த கொக்கியே பெயருக்குக் காரணம். இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்ததுதான் யானைப் பாகன் கையிலுள்ள கொக்கியைக் குறிக்கும் வடசொல்லான 'அங்குச'. அது தமிழில் அங்குசம் என்று நெடுங்காலமாக வழங்குகிறது. ஆக, அங்குசமும் ஆங்கரும் தூரத்து உறவினர். கணினித் துறைக்கு வந்தபின் இச்சொல் பல இடங்களில் பரவியது. வலைப்பக்கங்களில் இணைப்புக்குப் பயன்படும் 'ஏ' என்ற ஒற்றையெழுத்துக் குறிச்சொல்கூட ஆங்கர் என்பதன் சுருக்கமே.

தமிழில் கப்பலின் ஆங்கருக்கு நாம் சொல்வது நங்கூரம். இதனைப் பாரசீக மொழியின் 'லங்கர்' என்பதோடு தொடர்புபடுத்தி அகராதிகள் காட்டுகின்றன. லகரம் சொல்லின் முதலில் வருவதைத் தமிழ் மரபு ஏற்காததால், முதலெழுத்து நகரமாகியது இயல்பே. மலையாளத்திலும் நங்கூரம் என்றே வழங்குகிறது. வேற்றுமொழித் தொடர்பு உண்டு என்பதற்காக இதைத் தள்ள வேண்டியதில்லை. துறைமுகத்திலும் செய்தித்தாளிலும் நாள்தோறும் புழங்கும் சொல் இது.

இருந்தாலும் விரிதாளில் இச்சொல்லைப் பயன்படுத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. செல் என்பதற்குத் தமிழ்க் கணிமையில் 'கலம்' என்று வழங்குகிறோம். கலம் என்றால் கப்பல் என்ற பொருளும் நமக்கு உண்டு. மரக்கலம் என்பது வழக்கிலுள்ள சொல். 'கலத்தில் நங்கூரமிடு' என்று எழுதினால், கலமே நங்கூரம் பாய்ச்சி நிற்பதாகப் படிப்பவர் மனத்தில் தோன்றும். விரிதாளிலோ நடப்பது இதற்கு நேர்மாறு: மிதப்பது படம், பற்றிக்கொள்ளப்படும் அடித்தளம் கலம். இந்தக் குழப்பம் பட்டியில் எதைத் தேர்வது என்ற இடத்தில் உண்மையாகவே தடுமாற்றத்தைத் தரும். ஆகவே கலம் என்ற சொல்லை வைத்துக்கொள்வதானால், ஆங்கருக்குப் 'பிணைப்பு' என்றும் ஆங்கர் செய்வதற்குப் 'பிணைத்தல்' என்றும் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. 'பிணை' என்பதும் 'பிணி' என்பதும் கட்டுதலைக் குறிக்கும் நெருங்கிய சொற்கள். உப்பை விற்று நெல்லொடு வந்த படகுகளைக் கொட்டிலில் நிற்கும் குதிரைகளைப் போலக் கட்டிவைத்திருந்ததைப் பட்டினப்பாலை 'பணைநிலைப் புரவியின் அணைமுதல் பிணிக்கும்' என்கிறது. மிதக்கும் ஒன்றை நிலையான ஒன்றோடு கட்டுவதற்குத் தமிழ் அன்றே ஆண்ட வினை இது.

எக்செலில் படத்தின் பண்புகளுக்குள் மூன்று வகைப் பிணைப்புகள் உள்ளன. 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' என்பது கலத்தோடு நகர்ந்து, அளவும் மாறும் இருகலப் பிணைப்பு. 'மூவ் பட் டோன்ட் சைஸ் வித் செல்ஸ்' என்பது நகரும், ஆனால் அளவு மாறாத ஒருகலப் பிணைப்பு. மூன்றாவது, நகராமலும் அளவு மாறாமலும் தாளின் ஒரே புள்ளியில் நிற்கும் தனிநிலை. கால்க்கிலும் இவற்றுக்கு ஈடான மூன்று தெரிவுகள் உள்ளன; அங்கு தனிநிலைக்குப் 'பக்கத்தில் பிணைத்தல்' என்ற பொருளில் பெயர்.

எக்செல் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் இருகலப் பிணைப்பு எப்படி எழுதப்படுகிறது என்பது தெரியும். படத்தின் மேல் இடது மூலை எந்த நெடுவரிசையில், எந்தக் கிடைவரிசையில், அந்தக் கலத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நான்கு எண்கள். கீழ் வலது மூலைக்கும் அவ்வாறே நான்கு எண்கள். தள்ளியிருக்கும் தொலைவு ஓர் அங்குலத்துக்கு 9,14,400 என்றும், ஒரு சென்டிமீட்டருக்கு 3,60,000 என்றும் வரும் நுண்ணலகில் குறிக்கப்படுகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இருகலப் பிணைப்பில் படத்தின் அகலமும் உயரமும் அந்த இரண்டு மூலைகளுக்கு இடையிலுள்ள கலங்களின் அளவையே சார்ந்திருக்கின்றன. விகிதத்தைப் பூட்டும் கட்டத்தில் குறியிட்டிருந்தாலும் பயனில்லை; அப்பூட்டு நாமே படத்தின் அளவை மாற்றும்போது மட்டுமே காக்கும்.

கலங்களின் அளவோ நிலையானது அன்று. எக்செல் நெடுவரிசையின் அகலத்தை இயல்பு எழுத்துருவின் எண்ணுரு அகலத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. நெடுங்காலம் எக்செலின் இயல்பு எழுத்துருவாக இருந்த கலிப்ரி 11 புள்ளியில் ஓர் எண்ணுரு 7 பிக்சல். அதனால் இயல்பான 8.43 என்ற அகலம் ஓரங்களோடு சேர்ந்து 64 பிக்சல் ஆகிறது. வேறொரு கணினியில் கலிப்ரி இல்லாமல், அதே அகலங்களைக் கொண்ட கார்லிட்டோவும் இல்லாமல் போனால் இந்தக் கணக்கு பிசகும். கிடைவரிசைகளில் தமிழ் எழுதுவோருக்கு இன்னொரு தொல்லை உண்டு. உயரத்தைத் தானாகவே அமைக்குமாறு விட்ட வரிசைகள், விண்டோஸில் நிர்மலா யுஐ எழுத்துருவுக்கு ஏற்ப ஓர் உயரத்தையும், லினக்ஸ் வழங்கியில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு ஏற்ப வேறோர் உயரத்தையும் பெறக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இயல்பான இரண்டு நெடுவரிசைகளையும் ஆறு கிடைவரிசைகளையும் சரியாக மூடிய பொருட்படம் ஒன்று 128 பிக்சல் அகலமும் 120 பிக்சல் உயரமும் கொண்டிருக்கும். ஒவ்வொரு வரிசையும் 15 புள்ளியிலிருந்து (20 பிக்சல்) 18 புள்ளியாக (24 பிக்சல்) வளர்ந்தால், அகலம் அப்படியே இருக்க உயரம் 144 பிக்சல் ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு நீண்ட படத்தைப் பார்க்கும் எவர் கண்ணுக்கும் அது உறுத்தும்.

பிடிஎஃப் பக்கத்தில் கலமோ வரிசையோ கிடையாது. அங்குலத்தை 72 ஆகப் பிரித்த அலகில், பொதுவாகப் பக்கத்தின் கீழ் இடது மூலையிலிருந்து அளக்கும் இடங்கள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு படமும் ஒன்றுக்கு ஒன்று அளவுள்ள சதுரமாகக் கொள்ளப்பட்டு, ஆறு எண்களால் விரிக்கப்பட்டும் நகர்த்தப்பட்டும் தன் இடத்தில் அமர்கிறது. மாற்றும் அந்த ஒரு நொடியில், அந்தக் கணினியிலுள்ள எழுத்துருக்களைக் கொண்டு, பிணைப்பு முழுவதும் இந்த எண்களாகக் கரைந்துவிடுகிறது. அதன்பின் பிடிஎஃப் கோப்பில் திருத்த எதுவும் இல்லை. விரிதாளுக்குத் திரும்பித்தான் திருத்த வேண்டும். மற்றொரு நுட்பமும் உண்டு. ஒருகலப் பிணைப்பைத் தேர்ந்தாலும் எக்செல் பெரும்பாலும் இரண்டு மூலைகளையும் எழுதிவிட்டு, 'ஒருகலமாகக் கொள்க' என்ற குறிப்பைத் தனியே சேர்க்கிறது. பிடிஎஃப் ஆக மாற்றும் மென்பொருள் அக்குறிப்பைப் படிக்காவிட்டால், மூலைகளை மட்டும் நம்பிப் படத்தை நீட்டிவிடும்.

எனவே திருத்தம் இரண்டு இடங்களில் நடக்க வேண்டும். முதலில் வரிசைகளின் உயரத்தைத் தானியங்கியாக விடாமல் எண்ணிட்டு நிலைப்படுத்த வேண்டும். படத்தைக் கலத்தின் ஓரத்தைத் தொடாமல் சற்று இடம்விட்டு உள்ளே நிறுத்த வேண்டும். பிறகு பிணைப்பைத் தேர வேண்டும். வெறும் பட்டியலுக்கு ஒருகலப் பிணைப்பே நல்லது. வடிகட்டி வரிசைகளை மறைத்து அச்சிடும் பட்டியலுக்கு அது உதவாது. மறைந்த வரிசைகளின் படங்கள் மறையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அங்கு இருகலப் பிணைப்பைத் தேர்ந்து, நிலைப்படுத்திய உயரத்தை நம்புவதே வழி. எந்தக் கணினியில் பட்டியலைத் தயாரித்தோமோ அங்கேயே பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துருச் சிக்கல் பெருமளவு எழாது.

பக்க எல்லையில் படம் வெட்டுண்பது பிணைப்பால் தீராது. தாளின் அளவை ஏ4 என்று வைத்து, ஓரங்களையும் முதலிலேயே அமைத்து, பக்கப்பிரிப்பு நோக்கில் எல்லைக்கோடுகளைப் பார்த்து, படம் நிற்கும் வரிசைக்கு மேலே பக்கத்தை நாமே பிரித்துவிட வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் வர வேண்டிய நிறுவனச் சின்னத்தை எந்தக் கலத்தோடும் பிணைக்கக்கூடாது. அதைப் பக்கத் தலைப்பில் செருகினால் வரிசைகள் எவ்வளவு மாறினாலும் அது ஓரிடத்திலேயே நிற்கும்.