மூணாவது ஆளை அழிக்கும் முன்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறேன். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் காலையிலேயே போன் செய்தார். “தம்பி, மூணாவது ஆளைத்தான் அழிக்கச் சொன்னேன். புள்ளையும் மூணுன்னுதான் தட்டிருக்கா. போனது வேற ஆளுல்லா! அழிஞ்சா அழிஞ்சதுதானா?”

ஆமாம் என்று போனிலேயே சொல்ல மனசு வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கடையில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் இருப்பது ‘அட்ரஸ்புக் லெவல் 3’ என்ற சின்ன மென்பொருளில். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் பாடம் நடத்துவதற்காகச் செய்தது. காசு கிடையாது, மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அண்ணாச்சியின் அக்கா மகன் என்ஜினீயரிங் படிக்கிறான். அவன் கொண்டுவந்து போட்டுக்கொடுத்தது. மவுஸுக்கு அனேகமாக வேலை இல்லை. பெட்டியில் கட்டளையை டைப் செய்து எண்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ‘ஆட்’ என்றால் சேர்க்கும், ‘ஃபைண்ட்’ தேடும், ‘எடிட்’ திருத்தும், ‘டெலிட்’ அழிக்கும், ‘லிஸ்ட்’ எல்லோரையும் காட்டும். பெயருக்கு முன்னால் ‘என்’ எழுத்தும் ஒரு சாய்கோடும், போன் நம்பருக்கு ‘பி’யும் சாய்கோடும், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து.

முதலில் பார்த்தபோது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சமாச்சாரம் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அங்கே பில் போடும் பெண் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே ஒரு வாடிக்கையாளரை ஏற்றி முடித்துவிடுவார். நான் அதற்குள் மவுஸை எந்தப் பேரேட்டுக்கு அடியில் வைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பேன். நம்ம பக்கத்தில் லோயர், ஹையர் முடித்துவிட்டுக் கடைக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது இது. நம்பரெல்லாம் வேலைக்கு நிற்கும் பையனின் போனில் இருந்தால், அவன் வேலையை விட்டு நிற்கும் அன்றைக்கு நம்பரும் கூடவே போய்விடும். அதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, மூணாவது ஆள் விஷயம். ‘டெலிட் 3’ என்று தட்டினால், கடையின் மூன்றாவது வாடிக்கையாளர் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த நிமிஷத்தில் திரையில் தெரிகிற பட்டியலில் மூன்றாவது என்று பொருள். அண்ணாச்சி முழுப் பட்டியலைப் பார்த்து மனசில் வைத்திருந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணோ அதற்குள் வேறொருவருக்காக ‘ஃபைண்ட்’ போட்டிருந்தார். பட்டியல் நாலு பேராகச் சுருங்கிக் கிடந்தது. அதில் மூன்றாவதாக நின்றவர் ஆலங்குளத்துக்காரர், கல்யாணச் சீர் பாத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனவர். பில் புத்தகத்தைப் புரட்டி அவர் நம்பரை மறுபடி ஏற்றினோம். புத்தகம் இருந்ததால் பிழைத்தோம்.

இந்த மென்பொருள் எதையும் திருப்பிக் கேட்காது. ‘கிளியர்’ என்ற ஒரே சொல் மொத்தத்தையும் துடைத்துவிடும், “நிச்சயமாகவா?” என்று ஒரு வார்த்தை வராது. செய்ததைத் திரும்பப் பெறும் ‘அன்டூ’வும் லெவல் 3ல் கிடையாது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் கோப்பு தானாகவே சேமிக்கப்படும். அதனால் தப்பும் உடனுக்குடன் பத்திரமாகிவிடும். ‘எடிட்’டிலும் ஒரு குழி உண்டு. ஏற்கெனவே ‘மொத்தம்’, ‘கடன்’ என்று இரண்டு டேக், அதாவது அடையாளச் சொல், இருக்கும் ஆளுக்கு மூன்றாவதாக ஒன்று சேர்க்கிறோம் என்று நினைத்து அதை மட்டும் தட்டினால், பழைய இரண்டும் போய்ப் புதியது மட்டும் நிற்கும். யாருக்குக் கடன் என்பதே மறைந்துபோனால் அண்ணாச்சிமார் சும்மா இருப்பார்களா?

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. வாடிக்கையாளர் விவரம் முழுக்க ‘டேட்டா’ என்ற ஃபோல்டரில் ஒரு ஜேசன் கோப்பில், வெறும் எழுத்தாகத்தான் கிடக்கிறது. நோட்பேடிலேயே திறக்கலாம். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கடையில் முதலாளியின் மகன் அப்படித் திறந்து ஒரு பெயரைத் தமிழில் மாற்றி வைத்தான். இந்த மென்பொருளின் பெயர் விதிப்படி ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைவெளியும்தான் செல்லும். ஒரு பெயர் விதியை மீறினாலும் மொத்தக் கோப்பையுமே செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, காலிப் பட்டியலோடு திறக்கும். மறுநாள் காலையில் ஒருவர்கூட இல்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். பட்டியல் காலியாகத் தெரிந்தாலும் பழைய கோப்பு அப்போது அப்படியேதான் இருக்கிறது. ஒரு கட்டளை தட்டினால் போதும், காலிப் பட்டியல் அதன்மேல் எழுதப்பட்டுவிடும். ‘லிஸ்ட்’ என்று தட்டினாலும் அப்படித்தான். ‘எக்ஸிட்’டும் ஒரு கட்டளைதான், அதையும் தட்டக்கூடாது. ஒன்றும் தட்டாமல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடுங்கள். கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்து வைத்துவிட்டு, அப்புறம் என்னைப் போன்ற ஆளைக் கூப்பிடுங்கள். அந்தப் பையன் பதற்றத்தில் ‘லிஸ்ட்’ என்று நாலு முறை தட்டியிருந்தான்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. “யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, சிங்கப்பூர் அட்ரஸா வருது” என்று ஒருவர் அலறினார். போய்ப் பார்த்தால், புரோகிராமை வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டியிருக்கிறார். அங்கே பழைய கோப்பு இல்லாததால் மாதிரிக்கென்று வைத்த ஆறு பேரைக் காட்டுகிறது. அதில் பாலகிருஷ்ணன் என்றும் ஒருவர் உண்டு. அவரைப் பார்த்துத்தான் உள்ளூர் ஆள் யாரோ கைவைத்துவிட்டான் என்று முடிவு கட்டியிருந்தார்.

அடுத்தது நம்ம ஊர்ப் பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு பேரை இது சேர்க்கவிடாது. திருநெல்வேலியில் இருந்துகொண்டு ஒரே ஒரு சுடலைமுத்துவை வைத்துக் கடை நடத்த முடியுமா? இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்தாலும் ஏற்காது. அதனால் பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்: சுடலைமுத்து பத்தமடை, சுடலைமுத்து களக்காடு என்று. நாம் பேசுவதும் அப்படித்தானே. ‘ஃபைண்ட்’ பெயரை மட்டும்தான் தேடும், முகவரியைப் பார்க்காது. ஊர் பெயரிலேயே இருந்தால் ‘ஃபைண்ட் பத்தமடை’ என்று தட்டி அந்த ஊர்க்காரர் அத்தனை பேரையும் வரவழைக்கலாம்.

முழுச் சொல்லாக இருந்தால்தான் அகப்படும். ‘முத்து’ என்று தேடினால் பேச்சிமுத்து வரமாட்டார். பேச்சி முத்து என்று பிரித்து எழுதியிருந்தால் வருவார். சேர்த்தோ பிரித்தோ, கடையில் ஒரே வழக்கம் இருக்க வேண்டும். இசக்கியை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ’யில் தொடங்குபவரும் உண்டு, ‘ஈ’யில் தொடங்குபவரும் உண்டு. இரண்டையும் ஒரே தேடலில் இடைவெளி விட்டுத் தட்டலாம். எது பொருந்தினாலும் காட்டும். மின்னஞ்சல் இல்லாமல் ஆளைச் சேர்க்க முடியாது என்பதற்காகச் சிலர் வாய்க்கு வந்த முகவரியைப் போடுகிறார்கள். அது யாரோ ஒருவருடைய நிஜ முகவரியாக இருந்துவிடலாம். ‘டாட் இன்வேலிட்’ என்று முடியும்படி போடுங்கள். அந்த முடிவு யாருக்கும் கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணித் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்துபோன பிறகு, சேறு வழியும் சிபியூக்கள் என்னிடம் வரிசையாக வந்தன. “பேக்கப் இருக்குல்லா” என்று ஒருவர் தெம்பாகச் சொன்னார். பென்டிரைவ் எங்கே என்று கேட்டேன். அதே மேஜையின் கீழ் டிராயரில். நானூறு பேர் இருக்கிற இந்தக் கோப்பு ஒரு போட்டோவைவிடச் சின்னது. வாரம் ஒருமுறை உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டாலே போதும். அப்படியே அனுப்பாதீர்கள். செவன்-ஜிப் போன்ற ஒன்றில் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி அனுப்புங்கள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் உங்களை நம்பிச் சொன்னது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தாயிற்று. சட்டம் இருக்கட்டும், பக்கத்துக் கடைக்காரர் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலைப் படிப்பதை நீங்கள் விரும்புவீர்களா?

ஆயிரக்கணக்கில் வாடிக்கையாளர் உள்ள இடத்துக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சில நூறு பேர் என்றால் தாராளமாகப் போதும்.

பாத்திரக்கடைக்குத் திரும்புகிறேன். தமிழில் பெயர் எழுத முடியவில்லையே என்ற குறை அண்ணாச்சிக்கு இருந்துகொண்டே இருந்தது. நிரல் திறந்து கிடப்பதால் அக்கா மகன் பெயர் விதி உள்ள வரியை மாற்றிப் பார்த்தான். எல்லா மொழி எழுத்தும் செல்லும் என்று எழுதினான். ‘சரவணன்’ கூட நுழையவில்லை. கம்ப்யூட்டரில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் நம்முடைய புள்ளியும் காலும் கொம்பும் எழுத்துக் கணக்கில் வராது, குறிகள் கணக்கில் வரும். கடைசி ‘ன்’னின் புள்ளி வழிமறித்திருக்கிறது. குறிகளையும் சேர்த்த பிறகு வேலை செய்தது. இப்போது அங்கே இசக்கிக்கு எந்த ஆங்கில எழுத்து என்ற சண்டை ஓய்ந்துவிட்டது. முத்துவைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில்தான் அண்ணாச்சிக்கும் அந்தப் பெண்ணுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.