வீடியோ கிளப்பும் பீதியும் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தும்

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் பலர் பேச்சைத் தொடங்குவதே செல்போனை நீட்டித்தான். "இதைப் பாருங்க, பிள்ளையை எப்படி வெளியே அனுப்புறது?" என்பார்கள். பிள்ளை கடத்தும் கும்பல் பற்றிய ஏதோ ஒரு வீடியோ ஓடும். பக்கத்து நாற்காலியில் இருந்து குழந்தையும் அதை எட்டிப் பார்க்கும். ராத்திரியில் தூங்க மாட்டேன் என்கிறது என்று கூட்டி வந்திருப்பது அந்தக் குழந்தையைத்தான்.

பெற்றோர் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாக வேண்டும். 2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பெற்றோரை எச்சரிக்கும் பதாகையைக் காட்டுவதோடு அது முடியும். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். இதுபோன்ற வதந்திகளை நம்பிய கும்பல்கள், வழி கேட்டு வந்தவர்களைக்கூட அடித்துக் கொன்றன. அப்புறம்தான், அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இலேயே இதை விளக்கினார்கள். ஒரே சம்பவத்தைப் பத்து குழுக்களில் பார்த்தால், பத்து சம்பவம் நடந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஊரே இப்படிப் பதறும்போது பழி போட ஓர் ஆள் வேண்டும். வெளியூர்க்காரர், பிச்சை எடுப்பவர், மனநலம் குன்றித் தெருவில் திரிபவர் என்று எதிர்த்துப் பேச முடியாதவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் மனநலம் குன்றியவர்கள் என்னிடம் சிகிச்சைக்கு வர வேண்டியவர்கள். அதனால் இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்னொரு பக்கம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். உறவினர், அக்கம்பக்கத்தார், சொல்லிக்கொடுக்க வருபவர். கேட்டைப் பூட்டி இவர்களைத் தடுக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்? பயமுறுத்தும் வீடியோக்களைக் குழந்தை முன்னால் ஓடவிடாதீர்கள். தேதி, இடம் தெரியாத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். ஒருவர் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று குழந்தை அடம்பிடித்தால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அதட்டி அனுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள்.